அண்டாவின் நடுப்பகுதி

சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னை வழியில் நிறுத்திக் கேட்டார். "மேடம், சாம்பிள் சுத்தம்னு வந்துடுச்சு. ஆனா சாப்பிட்டவங்களுக்கு வயித்துவலி. எதை நம்பறது?" நான் ஏதோ ஒரு பதில் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, அது அரைகுறைப் பதில் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. முழுப் பதிலைச் சொல்ல வேண்டுமானால் ஆம்பூரில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்தது.

அப்போது வேலூரில் ஓர் உணவுச் சோதனைக்கூடத்தில் கிருமிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. ஆம்பூர் பக்கத்து ஷூ தொழிற்சாலை ஒன்று எங்கள் வாடிக்கையாளர். ஏற்றுமதி ஆர்டர் ஒன்று நல்லபடியாக முடிந்து கண்டெய்னர் கிளம்பிய வெள்ளிக்கிழமை, அங்கே எல்லாருக்கும் மதியம் பிரியாணி போட்டார்கள். தொட்டுக்கொள்ளத் தால்சா. பருப்பும் எலும்புக்கறியும் கத்திரிக்காயும் சேர்த்து, கரண்டியை நட்டால் நிற்கிற மாதிரி கெட்டியாக வைத்த தால்சா. அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அதன் ருசியை நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் காலை தையல் பிரிவில் பாதி மெஷின்கள் ஓடவில்லை. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டில் சுருண்டு கிடந்தார்கள். சிலரை அரசு மருத்துவமனையில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். அவர்களில் ஒருத்தி மாசமாக இருந்தவள்.

அந்தத் தொழிற்சாலைக் கேன்டீனில் பரிமாறத் தொடங்கும் முன் ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கரண்டி எடுத்து, மூடி, ஃபிரிட்ஜில் வைக்கிற வழக்கம் உண்டு. அந்த டப்பாக்கள் சனிக்கிழமையே எங்களிடம் வந்துவிட்டன. திங்கட்கிழமை முடிவு தெரிந்தது. பிரியாணி சுத்தம். தயிர்ப் பச்சடி சுத்தம். தால்சாவிலும் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

முடிவு வந்த சிறிது நேரத்தில் தொழிற்சாலையின் எச்.ஆர். மேலாளர் போன் செய்தார். இளைஞர், பேச்சில் மரியாதை குறையாதவர்.

"மேடம், ரிப்போர்ட் இன்னைக்கே வேணும். நாளைக்குக் காலைல என்கொயரி வச்சிருக்கோம்."

"யார் மேல? கேன்டீன் மேலயா?"

"இல்ல மேடம். ஸ்டிச்சிங் லேடீஸ் மேல."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். "மூணு பேட்ச்சா சாப்டாங்க மேடம். முதல்ல கட்டிங் ஆளுங்க. அவங்கள்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. கடைசில பேக்கிங். அவங்களும் நல்லாத்தான் இருக்காங்க. நடுவுல சாப்ட்ட ஸ்டிச்சிங் லேடீஸுக்கு மட்டும் எப்படி மேடம் வயித்துவலி வரும்? அதே அண்டா, அதே கரண்டி. வியாழக்கிழமை டார்கெட்ட ஜாஸ்தி பண்ணிட்டீங்கன்னு மெஷின நிறுத்திட்டு உக்காந்தவங்க இவங்கதான். சனிக்கிழமை மொத்தமா லீவு. நீங்களே சொல்லுங்க."

அவர் கேட்டதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

எங்கள் இயக்குநர் அறிக்கையைக் கையெழுத்துக்கு அனுப்பினார். நான் தயங்குவதைப் பார்த்து, "வந்தத வந்தபடி குடுக்கறதுதானே நம்ம வேலை? அதுக்கு மேல நமக்கு இன்னா?" என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை. அந்த அறிக்கையில் பொய் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. 'இந்தச் சாம்பிளில் கிருமி இல்லை' என்றுதான் நாங்கள் எழுதியிருந்தோம். ஆனால் படிக்கிறவர்கள், 'அன்றைய சாப்பாட்டில் கிருமி இல்லை' என்றுதான் படிப்பார்கள். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வித்தியாசம் நம் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால், வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

"காலைல கையெழுத்துப் போடறேன் சார். இப்ப ஆம்பூர் வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஆனால் தடுக்கவில்லை.

முதலில் ரெஜினா வீட்டுக்குப் போனேன். தையல் பிரிவில் ஒரு வரிசைக்குத் தலைவி. ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், நான் யாரென்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்கதான் சாப்பாடு சுத்தம்னு எழுதிக் குடுத்தவங்களா?"

"இன்னும் குடுக்கல. அதுக்குத்தான் வந்தேன். வாந்தி இருந்துதா?"

"இல்ல."

"ஜுரம்?"

"அதுவும் இல்ல மேடம். அடிவயிறு மட்டும் முறுக்கி முறுக்கி எடுத்துது. ராத்திரி படுத்தப்புறம் ஆரம்பிச்சுது. விடியற வரைக்கும் பாத்ரூமே கதின்னு கெடந்தேன். நடிக்கறோமாம். இத எப்படி மேடம் நடிக்கறது?"

மேலும் சில வீடுகளில் கேட்டேன். எல்லாரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். மதியம் சாப்பிட்டதற்கு ராத்திரிதான் வலி. வாந்தி இல்லை, ஜுரம் இல்லை. நடிக்கிறவர்கள் கூடிப் பேசியிருந்தால் வாந்தியைத்தான் முதலில் சேர்த்திருப்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த நோய் அதுதானே. இந்த அடையாளங்களுக்குப் பொருந்தும் கிருமி ஒன்று உண்டு. பெர்ஃப்ரிஞ்சன்ஸ். சமைக்கிற சூட்டில் சாகாமல் வித்தாக ஒடுங்கிக் கிடக்கும். பண்டம் ஆறி வெதுவெதுப்பாகும்போது முளைக்கும். அதற்குக் காற்று ஆகாது. கறியும் பருப்பும் என்றால் கொண்டாட்டம்.

நான் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தெருமுனை வரை கூடவே வந்தாள். கலைச்செல்வி, அவளும் தையல் பிரிவுதான். ஆனால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நான் வெள்ளிக்கிழம கறி தொடமாட்டேன் மேடம்" என்றாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஆனா எங்க வீட்டுக்காரருக்குத் தால்சான்னா உயிரு. டப்பால வாங்கி, பைக்குள்ள மறைச்சு எடுத்தாந்துட்டேன். அவரு திருப்பத்தூர் போனவரு இன்னும் வரல. ஃபிரிட்ஜ்லயே கீது. அதுல எதனா தெரியுமா?"

அவள் சாப்பிட வேண்டியது நடு பேட்ச்சில். டப்பாவில் இருந்தது அந்தப் பெண்கள் சாப்பிட்ட அதே தால்சா.

"ஆனா மேடம், கேன்டீன் சோத்த வெளிய எடுத்துட்டுப் போனது தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க" என்றாள். சொல்லிக்கொண்டே டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டாள்.

அதை வாங்கிக்கொண்டேன். ஆனால் அறிக்கையில் அதை எழுத முடியாது என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் வேலை போய்விடும் என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. அந்த டப்பா பையில் எவ்வளவு நேரம் இருந்தது, ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் இருந்ததா என்றெல்லாம் யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வீட்டில் வளர்ந்த கிருமி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். இப்படி வருகிற சாம்பிள் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று நமக்குக் காட்டும், அவ்வளவுதான். அதை வைத்து மற்றவர்களோடு வாதாட முடியாது.

அங்கிருந்து கேன்டீனுக்குப் போனேன். சமையல் ஒப்பந்தக்காரர் பஷீர் பாய், பெரிய அடுப்புகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தால்சா எப்போது வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வியாழக்கிழம சாயந்திரமே வச்சுட்டேம்மா. காலைல அடுப்பு மொத்தமும் பிரியாணிக்கு வேணுமே."

"வச்ச பிறகு?"

"தாளிச்சுக் கொட்டி, பூச்சி பொட்டு விழாம நல்லா மூடி வச்சேன். காலைல அடியில தீ வச்சேன். தளதளன்னு கொதிச்சுது."

"கிளறினீங்களா?"

"கிளறினா கத்திரிக்கா ஒடஞ்சு கூழாய்டும்மா. அடிபிடிக்காம ஓரமா மட்டும் கரண்டி விட்டேன். மேலேருந்து அப்படியே அள்ளிப் போட்டோம். கடைசி பேட்ச்சுக்குள்ள ஆறிப் போச்சு. கொஞ்சம்தான் இருந்துது, மறுபடி நல்லா கொதிக்க வச்சுக் குடுத்தேன்."

இதை அவர் எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் சொன்னார். தன் வேலையைப் பதமாகச் செய்த மனிதரின் பேச்சு அது. எனக்கோ அந்த அண்டா கண்ணெதிரே மூன்றாகப் பிரிவது போல இருந்தது.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ரசத்தில் கிருமி இருந்தால் பஸ் ஸ்டாண்டு கூட்டம் மாதிரி இங்கும் அங்கும் போய்க்கொண்டே இருக்கும். எங்கே ஒரு கரண்டி எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே கணக்குதான் வரும். கெட்டியான பண்டத்தில் அது நகர முடியாது. விழுந்த இடத்திலேயே பெருகி, ஒரு தெரு, ஒரு பேட்டை என்று குடியிருக்கும். ஒரு பேட்டையில் நெரிசல் இருக்கும், ஒரு கை தள்ளி ஆளே இருக்காது. நீர்த்த பண்டத்தைவிடக் கெட்டியான பண்டத்தில் கிருமி மெதுவாகத்தான் வளரும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அது பல நேரம் உண்மைதான். ஆனால் அந்தக் கெட்டித்தன்மையே சூட்டை வெளியே விடாமலும் காற்றை உள்ளே விடாமலும் பிடித்துவைத்துக்கொண்டால், காற்று ஆகாத கிருமிக்கு அதைவிட வசதியான வீடு கிடைக்காது. மேலே தாளித்த எண்ணெய் வேறு ஒரு மூடி போட்டுவிடுகிறது. காலையில் சூடு பண்ணும்போதும் இதே கதைதான். சாம்பார் என்றால் அடியில் சூடானது மேலே வரும், மேலே இருப்பது கீழே போகும், தானாகக் கலந்துகொள்ளும். தால்சா அசையாது. ஓரத்தில் தளதளவென்று கொதிக்கும்போது நடுவில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் இதெல்லாம் என் தலைக்குள் இருந்தது, அவ்வளவுதான். டப்பாவைச் சோதித்து முடிவு வர நேரமாகும். விசாரணை மறுநாள் காலை. எச்.ஆர். மேலாளரின் அறைக்குப் போனேன்.

"முதல் பேட்ச்சுக்கு ஒண்ணும் ஆகலன்றதுதானே உங்க ஆதாரம்? எனக்கும் அதுதான் ஆதாரம் சார்" என்றேன். அவர் விழித்தார். "இன்னைக்கு சாயந்திரம் பாய அதே அண்டால, அதே அளவுல தால்சா வைக்கச் சொல்லுங்க. அன்னைக்கு மாதிரியே மூடி வைக்கட்டும். காலைல நான் வர்றேன். நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. அதுக்கப்புறம் என்கொயரி வைங்க."

"பாத்தும் ஒண்ணும் இல்லன்னா?"

"கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்ட கையோட கொண்டு வர்றேன். அங்கேயே குடுத்துடறேன்."

அதைச் சொல்லும்போது எனக்கு உறுதி எதுவும் இல்லை. பஷீர் பாய் காலையில் உண்மையிலேயே நன்றாகக் கொதிக்க வைத்திருந்தால்? மருந்து போட்ட தண்ணீர், கை கழுவாத ஆள் என்று நான் யோசிக்காத வேறு காரணம் இருந்தால்? அன்று இரவு அந்த டப்பாவிலிருந்து எடுத்ததைச் சோதனைக்கு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் கேன்டீனில் மூவர்தான் இருந்தோம். பாய் மூடியைத் திறந்தார். மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. நீளமான ஊசி வைத்த தெர்மாமீட்டரை எச்.ஆர். மேலாளரின் கையிலேயே கொடுத்தேன்.

"மெதுவா கீழ இறக்குங்க."

ஊசி இறங்க இறங்க எண் ஏறிக்கொண்டே போனது. அண்டாவின் நடுவுக்கு வந்தபோது, ஜுரம் வந்த குழந்தையின் உடம்புச் சூடு. ராத்திரி முழுக்க மூடி வைத்த பிறகும் அந்தச் சூடு அப்படியே இருந்தது. அவர் ஊசியை வெளியே இழுத்துத் துடைத்து, மறுபடி இறக்கிப் பார்த்தார்.

மூன்று ஆழத்திலும் சாம்பிள் எடுத்துக்கொண்டேன். பிறகு பாய் அன்று செய்தது போலவே அடியில் தீ வைத்தார். ஓரமெல்லாம் குமிழ் வந்து தளதளத்தது.

"இதோ பாருங்கம்மா, கொதிக்குதே" என்றார் பாய்.

"நடுவுல பாருங்க" என்றேன்.

எச்.ஆர். மேலாளர் மறுபடி ஊசியை இறக்கினார். கை பொறுக்கும் சூடுதான் இருந்தது. கிருமி சாகிற சூடு அதில்லை.

"ஒரே அண்டாதானே மேடம்னு நெனச்சேன்" என்றார் அவர், ஊசியை எடுக்காமலே.

"ஒரே அண்டாதான் சார். ஆனா மூணு சாப்பாடு. மேல இருந்தது சீக்கிரம் ஆறிடுச்சு, அங்க ஜாஸ்தி வளரல. அத கட்டிங் ஆளுங்க சாப்டாங்க. எங்களுக்கு வந்த சாம்பிளும் அதுலதான் எடுத்தது. அடியில இருந்தத மறுபடி கொதிக்க வச்சுதான் பேக்கிங்குக்குக் குடுத்தாங்க. நடுவுல இருந்தது ஸ்டிச்சிங்குக்குப் போச்சு."

அவர் போனை எடுத்து, விசாரணை இன்று இல்லை என்று யாரிடமோ சொன்னார். சோதனை முடிவு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் என் கவனம் அதில் இல்லை. பஷீர் பாய் அடுப்பை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப நான்தாம்மா அந்தப் பொண்ணுங்கள படுக்க வச்சேனா?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. பெண்கள் மேல் விழுந்த பழியை எடுப்பதிலேயே குறியாக இருந்தேன். அங்கிருந்து எடுத்தால் அது யார் மேல் போய் இறங்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. "நீங்க கெட்டது எதுவும் கலக்கல பாய். ஆற வச்ச விதந்தான்..." என்று இழுத்தேன். அவர் ஆறுதல் தேடவில்லை.

முடிவுகள் வந்தன. மேல்பகுதியில் கொஞ்சம், அடியில் கொஞ்சம், நடுவில் எடுத்ததில் கிருமி வளர்க்கும் தட்டு முழுக்க. கலைச்செல்வியின் டப்பாவிலும் அதே கிருமி, அதே நெருக்கம். அறிக்கையில் மூன்று ஆழங்களின் கணக்கை எழுதினேன். முதலில் வந்த சாம்பிள் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது, அது எதைச் சொல்லாது என்பதையும் எழுதினேன். இயக்குநர் படித்துவிட்டு அனுப்பிவைத்தார். டப்பாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எச்.ஆர். மேலாளர் அண்டாவைத் திரும்ப வைக்க ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் அந்த டப்பாவை என்ன செய்திருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இன்றுவரை பதில் தெரியவில்லை. டப்பாவை, நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டு எடுத்துக் கலைச்செல்வியிடம் திருப்பிக் கொடுத்தேன். ஆம்பூரிலேயே அதைவிடச் சுத்தமான டப்பா அன்று இருந்திருக்காது.

பாயை மாற்றிவிட வேண்டும் என்று நிர்வாகத்தில் பேச்சு எழுந்தது. புதிதாக வருகிறவரும் இதே அண்டாவில், இதே மாதிரிதான் வைப்பார், இவருக்காவது இப்போது தெரியும் என்று நான் வாதாடினேன். கடைசியில் அகலமான தட்டையான தட்டுகள் வாங்கிக் கொடுத்தார்கள். கெட்டியான பண்டம் எதுவானாலும் அவற்றில் மெல்லிசாகப் பரப்பி ஆற வைப்பது, அன்றைக்கு வைத்ததை அன்றைக்கே போடுவது என்று ஏற்பாடானது. அதைச் செய்து காட்ட ஒரு நாள் காலை கேன்டீனுக்குப் போயிருந்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது இரண்டாவது பேட்ச் உள்ளே வந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்களே தவிர, பாதிப் பேர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்திருந்தார்கள். கேன்டீன் சோறு வாங்க வந்தவர்கள் சாம்பார் வாளியைத் தள்ளிவிட்டு, வெறும் தயிர் மட்டும் கேட்டார்கள். பரிமாறுகிற பையன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

பஷீர் பாய் உள்ளேயிருந்து வந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே மேசைகளுக்கு நடுவே வந்து நின்றார். எச்.ஆர். மேலாளர் அவரிடம் எதுவும் சொல்லச் சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"அம்மாங்களா, ஒரு நிமிஷம்" என்றார். சத்தம் அடங்கியது. "அன்னைக்கு உங்களுக்கு வயிறு போனது என் தால்சாவாலதான். நடுவுல சூடு ஏறல. எனக்குத் தெரியல. நீங்க நடிச்சீங்கன்னு பேசினப்ப நானும் சும்மாதான் இருந்தேன். என் சமையல் மேல பேச்சு வரலன்னு உள்ளுக்குள்ள நிம்மதியாகூட இருந்துது. அதான் எனக்கு ஜாஸ்தி பேஜாரா இருக்குது. மன்னிச்சுடுங்க."

மாசமாக இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பாய் அவளைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கலைச்செல்வி தன் டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ரெஜினா கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தாள். வெறும் சோறு இருந்த தட்டை முன்னால் தள்ளினாள்.

"நிக்கறீங்களே பாய். சாம்பார் ஊத்துங்க."